மெதுவாக ஓடும்போது படகு எஞ்சின் நின்றுவிடுகிறது – திருகோணமலை

அண்ணாமார், எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் ஒருக்கால் பாருங்கள்.

18 அடி ஃபைபர் படகு. 40 குதிரைவலு, 2 ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர் யப்பான் எஞ்சின். உப்புவெளியில் நிற்கிறது. முழு வேகத்தில் நிலாவெளி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவின் பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் இடையில் மெல்ல ஓட்டினால் அரை மணித்தியாலத்துக்குள் சத்தம் ஏறி இறங்கி, விக்கி, நின்றுவிடும். சூடாக இருக்கும்போதுதான் இப்படி. பெற்றோல் குழாயிலுள்ள ரப்பர் கைப்பம்பை அமத்தினால் கொஞ்சம் உயிர் வரும், பிறகும் அதே கதை. அங்கே பவளப்பாறை மேலேயே கிடக்கிறது. எஞ்சின் இல்லாமல் நீரோட்டத்தில் இழுபட்டால் படகும் பாறையும் இரண்டும் பாழ்.

சித்திரை முடிவிலிருந்து இந்தப் பிரச்சினை. பிளக் இரண்டும் புதிது. காபரேட்டர் கழற்றிக் கழுவியாயிற்று. ஃபில்டர், குழாய், கைப்பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. தாங்கி மூடியின் காற்றுத்துளையைத் திறந்துவிட்டும் பார்த்தேன். கலவை பெற்றோல் 50க்கு ஒயில் 1. குளிர்விக்கும் தண்ணீர் நன்றாகப் பீச்சி அடிக்கிறது, அதனால் அதிகச் சூடு என்று நான் நினைக்கவில்லை. பெற்றோல் பம்பின் சவ்வை (பெற்றோலைத் தள்ளிவிடும் மெல்லிய தகடு) கழற்றிப் பார்த்தேன், கண்ணுக்குக் கிழிசல் தெரியவில்லை. இங்குள்ள மெக்கானிக் கிராங்க் சீல் (எஞ்சினின் சுழல் தண்டைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம்) போயிருக்கும், முழுதாகப் பிரிக்க வேண்டும் என்கிறார். அது பெரிய செலவு.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் இந்தக் கரையில் உல்லாச ஓட்டம் முடிந்துவிடும். அதற்குள் அம்மாவை ஒரு முழு நாள் ஆறுதலாகக் கடலில் கூட்டிப்போக வேண்டும்: காலையில் புறாத்தீவு, பின்னேரம் கோணேசர் மலையைக் கடலிலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புவது.

எஞ்சினைப் பிரிக்க முதல் பெற்றோல் பம்பின் சவ்வைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாமா, அல்லது இது கிராங்க் சீல் குறைதானா?