வரி அலுவலகத்தில் உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தேக்கா கணக்கர்:
லஞ்சம் கொடுத்த கதை எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கு வேண்டியது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களின் கதை. ஊரில் வரித் துறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் இருப்பவர்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஆள் பெயர், அலுவலகப் பெயர் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் தாத்தா:
மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஊரில் விற்பனை வரி பார்க்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன்.

"இவ்வளவு கொடு" என்று யாரும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஃபைல் நகராது, அவ்வளவுதான். சி ஃபாரம் என்று ஒன்று இருந்தது, பழைய வியாபாரிகளுக்குத் தெரியும். வெளிமாநிலத்தில் சரக்கு வாங்குகிறவர் எங்களிடம் அந்த ஃபாரத்தை வாங்கி விற்றவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் விற்றவருக்குக் குறைந்த வரி. இல்லாவிட்டால் முழு வரியும் அவர் தலையில் விழும். அவர் இவரைப் போனில் நச்சரிப்பார், இவர் எங்கள் வாசலில் நிற்பார். ஃபாரப் புத்தகம் பீரோவுக்குள் இருக்கும், சாவி ஒரே ஒருவரிடம். "ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வாங்க" என்பார். திங்கட்கிழமை போனால் "ஐயா கேம்ப் போயிருக்கார்". சட்டப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை பாருங்கள். தாமதம்தான்.

புரிந்துகொண்டவர் அடுத்த முறை தானே வர மாட்டார், ஆடிட்டர் ஆபீஸ் பையன் வருவான். அவனும் மாடிக்கு வர மாட்டான், கீழே டீக்கடையில் நிற்பான். காரணம், லஞ்ச ஒழிப்புக்காரர்கள் நோட்டில் பவுடர் தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். தொட்ட கையைச் சோடாக் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அதனால் எங்கள் பிரிவில் கை நீட்டி வாங்கியவர் என்று யாருமே கிடையாது. தேவைப்பட்டால் ஒரு டிராயர் பாதி திறந்திருக்கும், அதற்குரியவர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார்.

மாமூலில் பங்கு வேண்டாம் என்று சொன்ன ஒருவரும் எங்களோடு இருந்தார். அவரை யாரும் மிரட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். செக்போஸ்ட் போஸ்டிங்குக்கு சிபாரிசுக் கடிதம் குவியும், அந்த அறைக்கு மட்டும் போட்டியே இல்லை. பழைய கட்டுகளின் தூசியில் அவருக்கு இருமல் பிடித்ததுதான் மிச்சம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து செக்போஸ்ட்டை எடுத்தார்கள். சி ஃபாரம் அதற்கு முன்பே ஆன்லைனுக்குப் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் பிரிவே எழவு வீடு மாதிரி இருந்தது.

புக்கிட் பாத்தோக் அக்கா:
தாத்தா, நான் இங்கே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் பொருள், சேவை வரிக் கணக்குச் சோதனை சுமுகமாக முடிந்தது. ஊர் வழக்கப்படி தீபாவளிக்கு முறுக்கு டப்பாவும் வெள்ளி விளக்கும் அந்த அதிகாரிக்கு அனுப்புகிறேன் என்று நின்றார். "அண்ணே, நீங்கள் நன்றி சொல்வதாக நினைப்பீர்கள், சட்டம் அப்படி நினைக்காது" என்று சொல்லித் தடுத்தேன். இங்கே கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தண்டனை: 100,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அரசாங்கத்தோடு காரியம் வைத்திருப்பவர் அரசு ஊழியருக்கு ஏதாவது கொடுத்தால் அதை லஞ்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு. விளக்கு இப்போது அவர் கடை சாமி படத்துக்குக் கீழே எரிகிறது.

ஆனால் இந்த ஊர் பிறந்ததிலிருந்தே இப்படி என்று நினைக்க வேண்டாம். 1951இல் கொள்ளை போன அபினில் போலீஸ்காரர்களுக்கே பங்கு இருந்தது. அதன் பிறகுதான், 1952இல், லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியாக அமைத்தார்கள்.

ஜகார்த்தா போய்வருபவன்:
வேலை விஷயமாக ஜகார்த்தாவில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே வரி என்று பேச்செடுத்தாலே டாக்சிக்காரர்கூட கயுஸ் தம்புனான் பெயரைச் சொல்வார். வரித் துறையில் இளநிலை ஊழியர், வங்கிக் கணக்கில் 2,500 கோடி ரூப்பியா. 2010 மார்ச்சில் நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலை செய்த நீதிபதியே பிறகு லஞ்ச வழக்கில் உள்ளே போனார். விஷயத்தை வெளியே போட்டுடைத்தவர் சுஸ்னோ துவாஜி என்ற போலீஸ் ஜெனரல். அவரும் வேறொரு ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார் என்பது தனிக் கதை! கயுஸ் ஓடி வந்தது நம் ஊருக்கு. அவரை இந்தோனேசிய அதிகாரிகள் கண்டுபிடித்தது ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா உணவங்காடியில். அதே ஆண்டு நவம்பரில், காவலில் இருக்க வேண்டிய ஆள், விக் வைத்துக்கொண்டு பாலியில் டென்னிஸ் பார்த்ததைப் பத்திரிகைப் படம் காட்டிக்கொடுத்தது.

பணமே கைமாறாத முறைகேடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பாய்ல் என்பவர் அடிலெய்டில் வரிப் பாக்கி வசூலிக்கும் பிரிவில் இருந்தார். சிறு வியாபாரிகளின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் எடுக்கும் நோட்டீசை, அவரவர் நிலைமையைப் பார்க்காமல் அனுப்பச் சொன்னார்கள் என்று முதலில் துறைக்குள்ளேயே புகார் கொடுத்தார். எடுபடவில்லை. 2018இல் தொலைக்காட்சியில் பேசினார். நிகழ்ச்சி வருவதற்கு முன்பே அவர் வீட்டில் சோதனை, பிறகு அவர் மேலேயே வழக்கு. 2025இல் தண்டனைப் பதிவு இல்லாமல் விட்டார்கள். அதற்குள் ஏழு வருடம் போய்விட்டது. தாத்தா சொன்ன ரெக்கார்டு ரூம் மனிதர் நினைவுக்கு வந்தார்.

தேக்கா கணக்கர்:
அக்கா, இங்கே ஓர் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் துணிந்து சொல்லலாமா?

புக்கிட் பாத்தோக் அக்கா:
சொல்லலாம். லஞ்சம் என்றால் புலனாய்வுப் பிரிவுக்கு நேரே போகலாம், தகவல் கொடுத்தவர் யார் என்று நீதிமன்றத்தில் வெளியிடாமல் காக்க ஊழல் தடுப்புச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. லஞ்சம் இல்லாத முறைகேடு என்றால் அவ்வளவு சுலபமில்லை. உள்ளிருந்து புகார் சொல்பவருக்கு என்று எல்லாத் துறைக்கும் பொதுவான பாதுகாப்புச் சட்டம் இங்கே இல்லை. பார்த்த தேதி, பார்த்த விஷயம் எல்லாம் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஃபைலை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், வரி விவரம் இரகசியம். அந்த நகலே அவர் மேல் வழக்காகிவிடும்.