நான்கு அங்குலக் காற்று மெத்தை குளிரைத் தடுக்குமா?

நீலமலைவாசி:
இருவர் படுக்கும் சிறிய கூடாரத்துக்கு என்ன படுக்கை வாங்கலாம் என்று கேட்ட ஒருவருக்கு, "நான்கு அங்குலக் காற்று மெத்தை வாங்குங்கள், தரைக்கும் உடம்புக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கும்போது குளிர் ஏற வழியே இல்லை" என்று நண்பர் வான்நோக்கி நேற்று பதில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. உதகையைச் சுற்றியுள்ள பள்ளமான புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை உறைபனி படிவதும், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. உள்ளே வெறும் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத மெத்தையை நம்பி அங்கே ஒருவரைப் படுக்கச் சொன்னால், அவர் எந்தப் போர்வையைப் போர்த்தினாலும் முதுகு விறைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். தரைக்குளிரைத் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்று அளக்கிறார்கள். வெறும் காற்று மெத்தைக்கு அது ஏறக்குறைய ஒன்று. அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான ஃபோம் மேட்டுக்கு ஏறக்குறைய இரண்டு. தடிமனைக் காட்டி ஆளை ஏமாற்ற வேண்டாம்.

வான்நோக்கி:
நான் யாரையும் ஏமாற்றவில்லை. அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது பள்ளிப் பாடம். மெத்தையின் மேற்பக்கம் உடம்பின் சூடு இருக்கிறது, கீழ்ப்பக்கம் தரையின் குளிர் இருக்கிறது. சூடான காற்று இலேசானது என்பதால் மேலேயே நிற்கும், குளிர்ந்த காற்று கீழேயே கிடக்கும். எனவே உள்ளிருக்கும் காற்று தானாகச் சுழல்வதற்குக் காரணமே இல்லை. நான்கு அங்குலம் அசையாத காற்று நான்கு அங்குலம் காப்புதான். இதை மறுப்பவர் இயற்பியலையே மறுக்கிறார். சென்ற ஆண்டு, கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பதைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் போனவர் இப்போது ஆர் மதிப்போடு வந்திருப்பதையும் எல்லோரும் கவனிக்க வேண்டும்.

நீலமலைவாசி:
தார்ப்பாய்க் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். நீங்கள் படித்த பாடத்தில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். வெப்பம் கடத்தலாலும் காற்றின் சுழற்சியாலும் மட்டுமா போகிறது? மெத்தையின் சூடான மேல்தோல், குளிர்ந்த கீழ்த்தோலை நோக்கி இரவெல்லாம் வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கதிர்வீச்சுக்கு இடைவெளி நான்கு அங்குலமானால் என்ன, ஓர் அங்குலமானால் என்ன? குளிர்காலத்துக்கென்று செய்யப்படும் மெத்தைகளுக்குள் அலுமினியம் பூசிய மெல்லிய தாள்களை அடுக்கடுக்காக வைப்பதும், செயற்கை இழைப் பஞ்சை நிரப்புவதும் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அப்படிச் செய்த மெத்தைகளுக்குத்தான் ஆர் மதிப்பு நான்கையும் தாண்டிப் போகிறது. அதோடு, தூங்குகிற மனிதன் பிணம்போல் கிடப்பதில்லை. அவன் புரளும்போதெல்லாம் இடுப்புக்கு அடியிலுள்ள காற்று நெட்டித் தள்ளப்பட்டு, ஓரங்களில் குளிர்ந்து கிடக்கும் காற்றோடு கலக்கிறது. 'அசையாத காற்று' என்பது உங்கள் மெத்தையில் எங்கே இருக்கிறது?

கொடைமகள்:
இருவரும் அந்த நான்கு அங்குலத்தை விட்டு இறங்கினால் நன்றாக இருக்கும். கேட்டவர் இதமாகத் தூங்குவதற்கு வழி கேட்டார். ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பையின் மேல் எழுதியிருக்கும் வெப்பநிலைகளில் எதை நம்புவது என்று தெரியாமல்தான் பெரும்பாலானோர் குளிரில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரத்தின்படி சோதிக்கப்பட்ட பைகளில் இதநிலை, எல்லைநிலை, உச்சநிலை என மூன்று எண்கள் இருக்கும். இதநிலை என்பது சராசரிப் பெண்ணொருத்தி தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். எல்லைநிலை என்பது சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் குளிர். உச்சநிலையில் உயிர் தங்கலாம் என்பதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை. கடைக்காரர்களோ உச்சநிலை எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டி விற்கிறார்கள். பெண்கள் இதநிலை எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீலமலைவாசி:
அம்மா சொல்வது முழுக்கச் சரி, என் வாதத்துக்கும் அதுவே சான்று. அந்தச் சோதனையில் உடம்புபோல் சூடாக்கிய மனித உருவப் பொம்மையை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, அடியில் காப்புள்ள விரிப்பைப் போட்டுத்தான் அளக்கிறார்கள். வெறும் காற்று மெத்தையில் படுத்தால் பையில் அச்சிட்ட எந்த எண்ணும் செல்லாது. உடம்பின் எடையால் அடிப்பக்கப் பஞ்சோ இறகோ நசுங்கித் தட்டையாகிவிடுவதால் முதுகுக்குக் காப்பு என்பது விரிப்பு மட்டும்தான். ஆகவே மறுபடியும் நான்கு அங்குலத்துக்கே வருகிறோம்.

வான்நோக்கி:
நான்கு அங்குலத்துக்கு வருவது நீங்கள்தான். அம்மையார் அதைக் கேட்கவில்லை.

பவானிக்காரர்:
வெளிநாட்டுத் தர எண்களை அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கிடை போட்டு ஆட்டோடு ஆடாக வெட்டவெளியில் படுத்த நம் முன்னோர்கள் எந்த ஆர் மதிப்பைப் பார்த்தார்கள்? கீழே கோரைப் பாய், அதன்மேல் கெட்டியான ஜமக்காளம், போர்த்திக்கொள்ள ஆட்டு ரோமத்தில் நெய்த கம்பளி என்று வைத்துக்கொண்டால் எந்தக் கூடாரத்திலும் சுகமாகத் தூங்கலாம். எங்கள் ஊர் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. அதை மடித்து இரண்டாக விரித்தால் உங்கள் ஃபோம் மேட் தேவையே இல்லை.

நீலமலைவாசி:
கம்பளியைப் பற்றி நீங்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆட்டு ரோமம் ஈரத்தை உள்வாங்கிய பிறகும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. பருத்தி ஜமக்காளம் கூடாரத் தரையின் ஈரத்தை உறிஞ்சி, நள்ளிரவுக்குள் குளிர்ந்த துணியாகிவிடும். வீட்டுத் திண்ணைக்கு அது சிறந்த விரிப்பு. பனி பெய்யும் புல்வெளிக்கு அன்று.

பவானிக்காரர்:
ஜமக்காளத்தைத் திண்ணைக்கு என்று ஒதுக்கித் தள்ளும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? நாங்கள் தரைக்குத் தார்ப்பாய் போட்ட பிறகுதான் ஜமக்காளம் விரிக்கிறோம். ஈரம் எங்கிருந்து வரும்?

கொடைமகள்:
மூச்சிலிருந்து வரும். இரண்டு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சு, சிறிய கூடாரத்தின் உட்சுவரில் துளித்துளியாகப் படிந்து படுக்கையின் ஓரங்களை நனைக்கிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை அடைத்தால் இன்னும் மோசம். பைக்குள் தலையை நுழைத்து மூச்சு விடுவதும் தவறு. முகத்தை வெளியே வைத்து, தலைக்குக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும்.

சிகரம்தேடி:
இமயமலையிலுள்ள கேதார்கந்தாவில் பனியின் மேல் கூடாரம் அடித்துப் படுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீலகிரிக் குளிரை வைத்து இவ்வளவு பெரிய சண்டை தேவையில்லை. அங்கெல்லாம் ஃபோம் மேட்டின் மேல் ஸ்லீப்பிங் பேக், அதற்குள் ஃபிளீஸ் உறை, காலடியில் வெந்நீர் நிரப்பிய குப்பி. அவ்வளவுதான். உதகைக்கு ஒரு போர்வையே போதும். குளிர் தாங்காதவர்கள் சிறிய கரி அடுப்பைச் சற்று நேரம் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

நீலமலைவாசி:
கடைசி வரியை உடனே நீக்குங்கள். மூடிய கூடாரத்துக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். பனிமலையில் படுத்த பெருமையைப் பேசுகிறவர் இதைத் தெரியாமல் எழுதுவது பொறுக்க முடியாதது. நீலகிரிக் குளிரை இளப்பமாக நினைத்து ஒற்றைப் போர்வையோடு வரும் கூட்டத்தை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

சிகரம்தேடி:
சற்று நேரம் என்றுதான் எழுதினேன். இரவு முழுவதும் என்று எழுதவில்லை. நீலகிரிக்காரர்களுக்குத் தங்கள் மலையைத் தவிர வேறெதுவும் குளிராகத் தெரிவதில்லை.

கொடைமகள்:
சற்று நேரமும் கூடாது. நெறியாளர் அந்த வரியை நீக்க வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

வான்நோக்கி:
பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. காற்று மெத்தையில் படுத்தால் முதுகில் கல் உறுத்தாது, பக்கவாட்டில் படுப்பவருக்கு இடுப்பு வலிக்காது. இதம் என்பதில் அதுவும் சேர்ந்ததுதானே? ஃபோம் மேட்டில் படுத்து விடியும்வரை எலும்பு நோகக் கிடப்பதற்குப் பெயர் தூக்கமா? நான்கு அங்குலம் என்று நான் சொன்னதற்கு அதுவும் காரணம்.

நீலமலைவாசி:
நேற்று நீங்கள் எழுதியது "குளிர் ஏற வழியே இல்லை" என்பது. இன்று இடுப்பு வலிக்குத் தாவுகிறீர்கள். மென்மை வேண்டுமென்றால் காற்று மெத்தைக்கு மேலே ஃபோம் மேட்டை விரிக்கட்டும். ஆர் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் ஒன்றும் இரண்டும் மூன்றாகும். உங்கள் மெத்தையை மட்டும் போட்டால் அது ஒன்றாகவே நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. இருவர் கூடாரங்களில் பலவற்றின் நடு உயரமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், கால்மாட்டிலும் ஓரங்களிலும் கூரை சரிந்து இறங்கிவிடும். அங்கே நான்கு அங்குலம் உயர்ந்து படுத்தால் பையின் கால்பகுதி ஈரச் சுவரில் உரசும். நனைந்த இறகு ஒட்டிக்கொண்டு உப்பலை இழந்துவிடும். சிறிய கூடாரம் என்று கேட்டவர் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார். அதை நீங்கள் படிக்கவே இல்லை.

வான்நோக்கி:
படித்தேன். தனி ஆளுக்கான அகலம் குறைந்த மெத்தைகளும் நான்கு அங்குலத்தில் கிடைக்கின்றன, அவை ஓரச் சுவரைத் தொடுவதில்லை. ஒன்று என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எண்ணை உங்கள் புல்வெளியில் நீங்களே அளந்தீர்களா? இந்தக் குளிர்காலத்தில் மெத்தையின் மேல் ஒரு வெப்பமானியும் அடியில் ஒரு வெப்பமானியும் வைத்து இரவு முழுவதும் குறித்து இங்கேயே வெளியிடுகிறேன். அப்போது பார்க்கலாம்.

நீலமலைவாசி:
ஆர் மதிப்பை அளப்பதற்கு 2018 முதல் ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்ற தரம் இருக்கிறது. ஒரு பக்கம் சூடான தகடு, மறுபக்கம் குளிர்ந்த தகடு வைத்து, எவ்வளவு வெப்பம் ஊடுருவுகிறது என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு வெப்பமானிகள் இரண்டு வெப்பநிலைகளைக் காட்டுமே தவிர, உடம்பிலிருந்து போன வெப்பத்தின் அளவைக் காட்டாது. மேல் வெப்பமானியை உங்கள் முதுகுக்கு அடியில் வைத்தால் அது உங்கள் உடம்புச் சூட்டைத்தான் சொல்லும். அப்படி எடுத்த எண்களை நான் ஏற்கமாட்டேன் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

வான்நோக்கி:
அளப்பதற்கு முன்பே ஏற்கமாட்டேன் என்பவரோடு எனக்கு என்ன பேச்சு? எண்களை வெளியிடத்தான் போகிறேன்.

பவானிக்காரர்:
அளக்கும்போது ஜமக்காளத்தையும் ஒரு பக்கம் விரித்து அளக்க வேண்டும். தார்ப்பாய்க்கு மேலே, இரண்டாக மடித்து.