ஷால்கே 04 கால்பந்துக் கழகம்: உங்களுக்கு மறக்காத ஒரு சந்திப்பு

முன்னூற்றிரண்டு:

2001 மே 19. திகதியைச் சொன்னாலே ஜேர்மனியில் ரூர் பக்கம் இருப்பவர்களுக்கு விளங்கும், முன்கதை வேண்டாம்.

நான் அப்போது கெல்சென்கிர்ஷனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் ஒரு கிழவர். கொன்சோல் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கரி வெட்டியவர். துளைபோடும் மெசின் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டன. மருமகனுக்கு வர முடியாமல் போனதால் அவனுடைய ரிக்கற் எனக்கு வந்தது. ஷால்கேயின் அரங்கான பார்க்ஸ்டேடியனில் கடைசி ஆட்டம், அடுத்த பருவம் புது அரங்கு. உள்ளே போய் நின்றதும் கிழவர் பொக்கற்றில் இருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்து, அதன் வயரை என் காதில் செருகினார். "உன்னுடையது நல்ல காது. ஹம்பேர்க்கில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்."

காது நல்லதுதான். டொச் (ஜேர்மன் மொழி) தான் மோசம். பன்னிரண்டு வருடம் குசினிக்குள் தமிழும் அரைகுறை இத்தாலியனும் கதைத்தவனுக்கு, ரேடியோக்காரர் கதைக்கிற வேகத்தில் என்ன பிடிபடும்?

எங்களோடு விளையாடிய உண்டர்ஹாஹிங் முதலில் இரண்டு கோல் போட்டது, பிறகு 2-2, திரும்ப 2-3, கடைசியில் 5-3 எங்களுக்கு. அதெல்லாம் தெரிந்ததுதானே. 90வது நிமிடத்தில் ஹம்பேர்க் பயேர்னுக்கு எதிராக ஒரு கோல் அடித்தது. அதைச் சரியாகக் கேட்டேன், விரலை உயர்த்திக் காட்டினேன். பயேர்ன் தோற்று அப்படியே முடிந்தால் எங்களுக்கு 1958க்குப் பிறகு முதல் ஜேர்மன் சம்பியன் பட்டம். எங்கள் ஆட்டம் முடிந்ததும் சனம் திடலுக்குள் குதித்தது, வாணவெடி வேறு. காதில் ஒரே இரைச்சல், சுற்றிவர எல்லோரும் "அவுஸ், அவுஸ்" (முடிந்தது, முடிந்தது) என்று கத்துகிறார்கள். கிழவர் என் சட்டைக் கையைப் பிடித்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார். நான் சொன்னேன்: "ஓம், முடிந்தது. நாங்கள்தான் சம்பியன்." இந்த நாட்டுக்கு வந்து நான் 'நாங்கள்' என்று சொன்ன முதல் நாள் அது.

நாலு நிமிடம். பெரிய திரையில் ஹம்பேர்க் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஹம்பேர்க் கோல்காப்பாளர் தன் அணிக்காரரே பின்னுக்கு உதைத்த பந்தைக் கையால் பிடித்துவிட்டார், அது பிழை, பயேர்னுக்கு ஃப்ரீ கிக், அண்டர்சன் உதைத்தார், 1-1. பட்டம் பயேர்னுக்கு. அந்தக் காப்பாளர் ஷோபர் யார்? ஷால்கேயில் வளர்ந்த பெடியன், ஹம்பேர்க்குக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். கிழவருக்குக் காது கேட்காது, கண் நன்றாகத் தெரியும். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

302 டிராமில் வீடு வரும்வரை ஒரு சொல் இல்லை.

இரவுப்பணி:

என்னுடையது சின்னது. 2021 ஏப்ரல் 20, முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கொரோனா நேரம், உள்ளே பார்க்க வருபவர் யாரும் இல்லை, ரெலிவிசனில் மைதானமும் வெறும் கதிரைகள். என் பொறுப்பில் இருந்த ஒருவருக்கு தூசி நுரையீரல், பழைய சுரங்கத் தொழிலாளிகளுக்கு வருமே, அது. மூக்கில் ஒட்சிசன் குழாய். ஷால்கே பீலெஃபெல்டில் 0-1 என்று தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு.

அவர் விரலால் கிட்ட வரச் சொன்னார். "1971 ஏப்ரலில் நான் மைதானத்தில் இருந்தேன். அன்றும் பீலெஃபெல்ட், அன்றும் 0-1. அன்று காசு வாங்கிக்கொண்டு தோற்றார்கள். இன்று சும்மா தோற்றிருக்கிறார்கள்."

தெரியாத பிள்ளைகளுக்கு: 1971இல் ஆளுக்கு 2,300 மார்க் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். பிறகு கோர்ட்டில் சத்தியம் பண்ணி இல்லையென்றார்கள். அகப்பட்ட பிறகு ஊர் வைத்த பெயர் 'பொய்ச்சத்தியக் கழகம்'.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை, உதடு நீலம் பாய்ந்து நான் மணியை அடிக்கும்வரை போனது. தப்பிவிட்டார், பயப்படாதீர்கள். ஆனால் அந்த ஆளைச் சிரிக்கவிட்டிருக்கக் கூடாது என்று ஒரு பக்கம். அவர் கடைசியாக நன்றாகச் சிரித்தது அன்றுதானே என்று மறுபக்கம். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

போஹும் மாணவன்:

வணக்கம், நான் கோயம்புத்தூர், இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ஃபுட்பால் பெரிதாகத் தெரியாது. ரூம்மேட் அரங்கச் சுற்றுலாவுக்கு இழுத்துப்போனான். வீரர்கள் திடலுக்கு வரும் பாதையைச் சுரங்கம் மாதிரியே கட்டியிருக்கிறார்கள், கரிச் சுவர், மங்கல் வெளிச்சம். வழிகாட்டி ஒரு பெரியவர். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சுவரைத் தட்டி, "பிளாஸ்டிக்" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான் என் கதை.

புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். போஹுமில் இருந்து 302 நேராகவே போகும், காரை எடுக்காதீர்கள். அரங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், வழியில் ஷால்கே பகுதியில் இறங்குங்கள். பழைய குளுக்அவுஃப் மைதானம் அங்கேதான், 1928இல் கொன்சோல் சுரங்கத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியது. 'குளுக் அவுஃப்' என்பது சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து, நல்லபடியாக மேலே வா என்கிற மாதிரி. பக்கத்தில் புனித ஜோசப் தேவாலயத்தில் கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள், ஒரு புனிதரின் காலில் கால்பந்து பூட்ஸ் இருக்கும். ரசிகர்களுக்கென்று தனிக் கல்லறையே உண்டு, 1904 குழிகள், கழகம் தொடங்கிய வருடம் அது. மஞ்சள் சட்டை வேண்டவே வேண்டாம், அது பரம எதிரி டோர்ட்முண்டின் நிறம். மெம்பர் ஆகிவிட்டால் டிக்கெட் கிடைப்பது கொஞ்சம் சுலபம். குளிருக்கு இரண்டு சாக்ஸ்.

முன்னூற்றிரண்டு அண்ணா, உங்களுக்கும் ஒன்று: அந்தக் குடும்பத்தைத் தேடிப்போய் ஒரு தடவை மனம்விட்டுப் பேசிவிடுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் தூக்கம் கெடும். காலையில் நடைப்பயிற்சியும் நல்லது.

முன்னூற்றிரண்டு:

தம்பி, நடைப்பயிற்சியை யார் கேட்டது? கண்ணாடி ஜன்னல் விஷயம் உண்மை, நானும் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள்கறுப்பு:

ஹேர்ன மேற்கைப் பற்றி இத்தனை கண்ணீரா! (டோர்ட்முண்ட்காரர் நாங்கள் அந்தக் கழகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அவர்கள் எங்களை லூடென்ஷைட் வடக்கு என்பார்கள்.) தொழிலாளர் கழகம், ஏழைகளின் கழகம் என்று ஒரே தேர் இழுப்பாக இருக்கிறது. ஹம் அம்மன் கோயில் தேருக்குக் கூட இவ்வளவு வடம் இல்லை. கொஞ்சம் மற்றப் பக்கத்தையும் பாருங்கள்.

ஏழு பட்டங்களில் ஆறு எப்போது வந்தன? 1934, 35, 37, 39, 40, 42. ஹிட்லர் காலம். கழகத்தின் பெரிய நட்சத்திரம் ஷெப்பான் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், யூதக் குடும்பத்திடமிருந்து பறித்த துணிக்கடை ஒன்று ஷால்கே சந்தையடியில் அவர் கைக்குத்தான் போனது. பிற்காலத்தில் அவர் பெயரை ஒரு தெருவுக்கு வைக்கப் பார்த்து, இந்த விஷயம் கிளம்பியதும் கைவிட்டார்கள். 1971 கதையை அக்கா சொல்லிவிட்டார். பிறகு 2007 முதல் 2022 வரை சட்டையில் யாருடைய பெயர்? ரஷ்ய எரிவாயு நிறுவனம். கரியில் பிறந்த கழகம் காஸில் பிழைத்தது. எங்கள் ஊரிலும் சுரங்கம் இருந்தது, இரும்பாலை இருந்தது, நாங்கள் இப்படிப் பாட்டுப் பாடுவதில்லை.

என் அனுபவமும் கேட்கத்தானே செய்கிறீர்கள்: மழை நாள், வேலை விஷயமாக கெல்சென்கிர்ஷன் போனேன். ஆட்ட நாள் என்று தெரியாது. போட்டிருந்தது மஞ்சள் மழைக்கோட். டிராம் முழுக்க நீலம், ஒரே அமைதி. ஒரு கிழவி எழுந்து வந்து, பையில் இருந்த நீலக் கம்பளிச் சால்வையை எடுத்து என் தோளில் போர்த்து, கழுத்தடியில் ஊசி குத்திவிட்டார். இறங்கும்போது திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. வீட்டில் இருக்கிறது. எரிக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை.

மூன்றாம் மாடி:

மஞ்சள்கறுப்பு அண்ணை சொன்ன ஷெப்பான் விஷயம் சரி, அதை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். 1930இல் நடந்தது என்ன? கழகம் அனுமதித்த அளவைவிடக் கூடக் காசு கொடுத்ததென்று அதன் 14 விளையாட்டுக்காரர்களைத் தடை செய்தார்கள். கழகப் பொருளாளர் கால்வாயில் குதித்து உயிரை விட்டார். தடை நீங்கி 1931 ஜூன் 1 திரும்ப விளையாடிய நாள், டுசெல்டோர்ஃப் அணியோடு ஒரு நட்பு ஆட்டம், அதற்கே 70,000 சனம். நாஜிகள் வர இன்னும் ஒன்றரை வருடம் கிடக்கிறது. சனம் முதலே இருந்தது. கூடிய சனத்தைப் பார்த்துத்தான் ஹிட்லர் வந்து ஒட்டிக்கொண்டான்.

விளையாட்டு முறையும் அவர்களுடையதுதான். மற்றவர்கள் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடிய காலத்தில், இவர்கள் குட்டிக் குட்டிப் பாஸாகப் பந்தைச் சுற்றவிட்டார்கள். அதற்குப் பெயரே பம்பரம். 1939 இறுதி ஆட்டத்தில் வியன்னா அணிக்கு 9-0.

சரி, என் கதை. நான் இங்கே பிறந்தவன். பழைய மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிக்கடை, ஆட்டத்துக்கு முன் நண்பர்களோடு போயிருந்தேன். அறுபது எழுபது வயது ஆள் ஒருவர், குடும்பப் பெயர் 'ஸ்கி' என்று முடியும், சுவரில் இருந்த பழைய குழுப்படத்தைக் காட்டி ஒவ்வொரு பெயராக வாசித்தார். குட்சோரா, ஷெப்பான், திபுல்ஸ்கி, கல்விட்ஸ்கி. "கேட்டாயா? இதில் எது டொச்சுப் பெயர்?" எல்லோரும் கிழக்கே மசூரியாவில் இருந்து கரி வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள். ஊர் இவர்களைப் போலாக் என்று திட்டியது. 1934இல் பட்டம் வென்றதும், போலந்துக்காரர்கள்தான் வென்றார்கள் என்று அங்கே பத்திரிகையில் வர, கழகம் பயந்துபோய், எங்கள் வீரர்களின் பெற்றோர் எல்லோரும் ஜேர்மனியில் பிறந்தவர்கள் என்று பட்டியல் போட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்தது. "என் தாத்தா அந்தப் பட்டியலை வெட்டிக் கடைசிவரை பர்சில் வைத்திருந்தார். பெருமையிலா வெட்கத்திலா என்று எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, உன் பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு அப்பா வைத்த பெயர் பதினான்கு எழுத்து. பள்ளியில் ஆசிரியர்கள் வெட்டி இரண்டெழுத்து ஆக்கினார்கள். நான் வாயைத் திறந்தேன், அந்த இரண்டெழுத்துத்தான் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முழுப்பெயர்?" என்றார். அதற்குள் நண்பன் ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று தோளில் தட்ட, நான் எழும்பிப் போய்விட்டேன். அன்று என்ன ஸ்கோர் என்று கூட ஞாபகம் இல்லை.

மஞ்சள்கறுப்பு:

1931 சனக்கூட்டம், சரி, ஒப்புக்கொள்கிறேன். பம்பரத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். குறும்பாஸ் இங்கிலாந்தில் இருந்து வந்தது, அந்தக் கழகத்துக்கு விளையாடிய பால்மான் சகோதரர்கள் அங்கே பழகிக்கொண்டு வந்தார்கள்.

தம்பி, அடுத்த முறை முழுப்பெயரைச் சொல்.

போஹும் மாணவன்:

சால்வையைக் குளிர்நீரில் அலசுங்கள், வெந்நீரில் போட்டால் கம்பளி சுருங்கிவிடும்.

இரவுப்பணி:

முன்னூற்றிரண்டு அண்ணை, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று தவறாகச் சொன்னது நீங்கள் மட்டும் இல்லை. ரெலிவிசன் நிருபர் ஒருவரே ஷால்கே நிர்வாகி அண்ட்ரியாஸ் முல்லரிடம் ஹம்பேர்க் ஆட்டம் முடிந்தது என்று சொன்னார், அவரும் துள்ளிக் குதித்தார். டொச்சிலேயே பிறந்து டொச்சிலேயே வளர்ந்தவர்கள். 65,000 பேர் ஏமாந்த இடத்தில் நீங்கள் ஒருவர் ஏன் சுமக்கிறீர்கள்?

முன்னூற்றிரண்டு:

அது தெரியும் தங்கச்சி. ஆனால் அவர் ரெலிவிசனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். டிராமால் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும் கையை நீட்டினார். ரேடியோவைக் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து பற்றரி இரண்டையும் எடுத்துத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, வெறும் ரேடியோவை என் கையிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். புது அரங்குக்கு ஒருநாளும் வரவில்லை, கூரைக்குக் கீழே விளையாடுவது விளையாட்டா என்று கேட்பார். ஓகஸ்டில் சனிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டினார். கையில் அந்த இரண்டு பற்றரி.