கிரேக்கக் கவிதைக்குக் கீழே ஒரு தொழுகை

இஸ்தான்புல் போய் வந்தவர்கள் பெரும்பாலும், சர்ச்சாகக் கட்டப்பட்டுப் பின்னர் பள்ளிவாசலான ஆயா சோபியாவைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் பார்த்தேன், பிரமாண்டம்தான். ஆனால் மனசைப் பிடித்துக்கொண்டது, அங்கிருந்து கடல் பக்கமாகச் சரிவில் இறங்கினால் வரும் கூச்சுக் ஆயா சோபியா. ‘சின்ன ஆயா சோபியா’ என்று அர்த்தம். கட்டணம் கிடையாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம்.

பெயரைக் கேட்டால் பெரியதைப் பார்த்துக் கட்டிய நகல் போலத் தோன்றும். ஆனால் இதுதான் மூத்தது என்கிறார்கள். கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 527-இல் பட்டத்துக்கு வந்ததும் தொடங்கிய சர்ச் இது. கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட செர்ஜியஸ், பாக்கஸ் என்ற இரண்டு ரோமானியப் படைவீரர்களின் பெயரில் எழுந்தது. 1500-களின் தொடக்கத்தில், துருக்கிய சுல்தான் இரண்டாம் பயாசித் காலத்தில், அரண்மனை அதிகாரி ஹுசைன் ஆகா இதைப் பள்ளிவாசலாக மாற்றினார்.

அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கு அரை மணி நேரம் இருந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். ஏதோ ஒன்று கோணலாக இருப்பதுபோல் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: கம்பளத்தின் கோடுகள் கட்டடத்தோடு ஒத்துப்போகவில்லை. சர்ச் கிழக்கு பார்த்தது, மக்கா இருப்பதோ தென்கிழக்கில். அதனால், தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் நடுவிலிருந்து விலகி நிற்கிறது, தொழுகை வரிசைகளும் சாய்ந்து போகின்றன. கல் ஒரு பக்கம் பார்க்க, ஆட்கள் இன்னொரு பக்கம் பார்க்கிறார்கள். அந்தச் சின்னச் சாய்வில் இந்த இடத்தின் கதை முழுவதும் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அப்புறம் தலையை உயர்த்தினேன். பச்சையும் சிவப்புமான பளிங்குத் தூண்களுக்கு மேலே, கூடத்தைச் சுற்றி ஓடும் கல் பட்டையில் பெரிய பெரிய கிரேக்க எழுத்துகள். போவதற்கு முன்பே அதன் பொருளைப் படித்திருந்தேன். அது ஒரு கவிதை. செர்ஜியஸை நெருப்போ வாளோ அசைக்கவில்லை என்று பாடுகிறது; உறங்காத அரசர் ஜஸ்டினியனின் ஆட்சியை செர்ஜியஸ் காக்க வேண்டும் என்று வேண்டுகிறது; ஏழைகளுக்கு உணவளிக்க ஓயாமல் உழைப்பவள் என்று ஜஸ்டினியனின் மனைவி அரசி தியோடோராவைப் புகழ்கிறது. பாக்கஸின் பெயர் மட்டும் அதில் இல்லை. நாடக மேடையிலிருந்து வந்து பேரரசியான பெண்ணின் பெயர், அவள் இறந்து கிட்டத்தட்ட 1500 ஆண்டு கழித்தும், தொழுகிறவர்களின் தலைக்கு மேல் இருக்கிறது. யாரும் அதைச் செதுக்கி எடுக்கவில்லை.

சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த பழைய மொசைக் அலங்காரம் எதுவும் மிஞ்சவில்லை. குவிமாடம் முழுக்க வெள்ளைப் பூச்சும் வண்ணக் கோலங்களும்தான். அது எனக்கு வருத்தமே. அதே சமயம், பக்கத்திலேயே புனிதர்கள் பீட்டர், பால் ஆகியோர் பெயரில் நின்ற இன்னொரு சர்ச் இன்று அடையாளமே இல்லாமல் போய்விட்டது. இது தப்பித்ததற்கு இங்கே தினமும் ஆட்கள் தொழ வந்ததும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். ஆபத்து இதற்கும் வந்தது. 1870-களில் தெற்குச் சுவருக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை போட்டார்கள். அந்த அதிர்வு பல காலம் கட்டடத்தை வாட்டியது. பெரிய பழுதுபார்ப்பு 2006-இல்தான் முடிந்தது.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். நான் அண்ணாந்தே இருப்பதைக் கவனித்திருக்க வேண்டும். பொதுவான மொழி எங்களுக்கு இல்லை. அவர் எழுந்து, இரண்டடி நடந்து, ஒரு தூணுக்கு மேலே விரலை நீட்டி, “தியோடோரா” என்றார். நான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது. தலையசைத்தேன். அவர் சிரித்தார். பாங்கு ஒலித்தது. அவர் சாய்ந்த வரிசைக்குப் போனார், நான் பின்னால் நகர்ந்து இடம் விட்டேன்.