கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிளவுட் சர்வர் தகராறுகள்: பார்த்ததையும் சரிசெய்ததையும் பகிருங்கள்

ஓசூர் சிஸ்அட்மின்:
மாங்கூழ் ஆலையோட கொள்முதல் பில், கிரானைட் யார்டு கணக்கு, பால் சங்கத்துப் பதிவு, சிப்காட் யூனிட்டோட ஈஆர்பின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிறைய வேலை இப்போ மும்பை, ஹைதராபாத்ல இருக்கற ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) சர்வர்லதான் ஓடுது. "சர்வர் போச்சு"ன்னு போன் வந்ததும் சர்வரை ரீஸ்டார்ட் பண்றதுதான் பெரிய கெட்ட பழக்கம். பல தடவை கோளாறு நம்ம பக்கத்துலதான் இருக்கும்: கரண்ட், லைன், கடிகாரம். அதனால அறிகுறி, காரணம், தீர்வு மூணையும் சேர்த்து எழுதுங்க. வெறும் தீர்வை மட்டும் போட்டா அடுத்தவங்களுக்கு உதவாது.

நானே ஆரம்பிக்கறேன். எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள நுழையற வழி) போகலைன்னா முதல்ல என்ன செய்தி வருதுன்னு படிங்க. "டைம்ட் அவுட்"ன்னா பாக்கெட் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்ல. செக்யூரிட்டி குரூப் (சர்வரோட ஃபயர்வால்), நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட்டோட ஃபயர்வால்), ரூட் டேபிள் (பாக்கெட் போற வழிப் பட்டியல்) மூணையும் பார்க்கணும். "ரெஃப்யூஸ்டு"ன்னா மெஷின் வரைக்கும் போயிடுச்சு, 22-ம் போர்ட்ல (எஸ்எஸ்ஹெச்சோட வாசல்) எந்த புரோகிராமும் கேட்டுட்டு இல்ல. "பெர்மிஷன் டினைடு"ன்னா நெட்வொர்க் சுத்தமா இருக்கு, யூசர் பேரோ கீயோ தப்பு. உபுண்டுக்கு "உபுண்டு", அமேசான் லினக்ஸுக்கு "இசி2-யூசர்".

நம்ம ஊர்ல அதிகம் வர்றது முதல் வகை. செக்யூரிட்டி குரூப்ல ஆபீஸோட ஐபியை மட்டும் விட்டிருப்பாங்க. கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி டயல் ஆனதும் பிராட்பேண்ட் வேற ஐபி கொடுத்துடும். வெளியில இருந்து பார்த்தா சர்வர் செத்த மாதிரியே தெரியும். ரவுட்டர் பேஜ்ல வான் ஐபியை (இணையப் பக்கத்து முகவரி) பாருங்க. அது 100.64-ல இருந்து 100.127-க்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்கு (ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிடற கம்பெனி அமைப்பு) பின்னாடி இருக்கீங்க. வெளிய தெரியற பொது ஐபியை இன்னும் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துக்கறாங்க. அதை ரூல்ல சேர்த்தா முன்பின் தெரியாதவங்களுக்கும் 22-ஐத் திறந்துவிட்ட கணக்குதான். 0.0.0.0/0 (உலகத்துல யார் வேணா வரலாம்) போடறது அதைவிட மோசம்.

நிலையான வழி செஷன் மேனேஜர் (எஸ்எஸ்ஹெச் போர்ட் இல்லாமலே சர்வருக்குள்ள போக ஏடபிள்யூஎஸ் தர்ற வழி). சர்வர்ல எஸ்எஸ்எம் ஏஜென்ட் ஓடணும், ஐஏஎம் (அனுமதி) ரோல்ல "அமேசான் எஸ்எஸ்எம் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் கோர்" பாலிசி இருக்கணும், சர்வர்ல இருந்து வெளிய 443 திறந்திருக்கணும். உள்ள வர்றதுக்கு ஒரு போர்ட்கூட வேண்டாம். ஆபீஸ் ஐபி எத்தனை தடவை மாறினாலும் கவலை இல்ல.

இன்னொன்னு, ரீபூட் பண்ணா சர்வரோட பொது ஐபி மாறாது. ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா மாறிடும். மாறக் கூடாதுன்னா எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது ஐபி) போடணும். 2024 பிப்ரவரியில இருந்து பொது ஐபிவி4 எதுவா இருந்தாலும் மணிக்கு 0.005 டாலர் பில் ஆகுது, மாசத்துக்கு ஏறக்குறைய 3.65 டாலர். மாட்டியிருந்தாலும் உண்டு, சும்மா கிடந்தாலும் உண்டு.

காவேரிப்பட்டணம் வேபிரிட்ஜ்:
கடிகாரம்னு ஓசூர் அண்ணன் சொன்னதை விரிவா எழுதறேன், ஏன்னா இதை யாரும் சந்தேகப்படறதே இல்ல. வேபிரிட்ஜ் (லாரி எடைமேடை) பிசியில இருந்து எடைச் சீட்டும் லாரிப் படமும் எஸ்3-க்கு (ஏடபிள்யூஎஸ்ஸோட ஃபைல் சேமிப்பு) போகும். திடீர்னு எல்லா அப்லோடும் 403 (அனுமதி இல்ல). உடனே ஐஏஎம் பாலிசியைக் கிண்டி, கீயை மாத்தி, பக்கெட் பாலிசியை அவிழ்த்துப் போட்டு, நல்லா இருந்ததையும் கெடுத்துடுவாங்க. பிழைச் செய்தியை முழுசா படிச்சா "ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்க்யூடு"ன்னு இருக்கும். பிசி நேரமும் எஸ்3 நேரமும் 15 நிமிஷத்துக்கு மேல விலகினா அது கோரிக்கையை ஏத்துக்காது.

காரணம் மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்த பிசியில கரண்ட் கட் ஆகி யூபிஎஸ்ஸும் கை விட்டா, திரும்ப வரும்போது தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்கும். பிரவுசர்லயும் "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகல"ன்னு வரும். ரெண்டும் சேர்ந்து வந்தா வேற எதையும் தேடாதீங்க.

இங்க ஒரு சிக்கல். டொமைன்ல சேராத விண்டோஸ் பிசி, வித்தியாசம் 54,000 வினாடி, அதாவது 15 மணி நேரத்தைத் தாண்டினா தானா நேரத்தைத் திருத்தாது. "டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்" கொடுத்தாலும் மாற்றம் ரொம்பப் பெருசுன்னு சொல்லிட்டு நின்னுடும். முதல்ல தேதி, நேரத்தைக் கையால வைக்கணும், அப்புறம் ரீசிங்க். பேட்டரியை மாத்தாம இதை மட்டும் செஞ்சா அடுத்த கரண்ட் கட்டுல மறுபடி அதே கதை. பேட்டரி 3 வோல்ட். மல்டிமீட்டர்ல 2.7-க்குக் கீழ காட்டினா யோசிக்காம மாத்திடுங்க.

காரிமங்கலம் டேட்டாபேஸ்:
நேரம் பற்றிய பேச்சு வந்ததால் அதன் அடுத்த பக்கம். கிளவுட் சர்வரின் கடிகாரம் பொதுவாக யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். பகலில் மட்டும் நடக்கும் வியாபாரத்தில் இது பல மாதம் கண்ணில் படாது. பால் கொள்முதலில் முதல் நாளே படும். காலை 5.10-க்கு ஊற்றிய பால் யூடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 11.40. தேதிவாரி அறிக்கையில் 5.30-க்கு முன் வந்த உறுப்பினர்களின் லிட்டர் எல்லாம் நேற்றைய கணக்கில் ஏறிவிடும். மாதத்தின் முதல் தேதியில் போன மாதப் பட்டுவாடாவே தப்பாகும். பாலை ஊற்றியவருக்குச் சேர வேண்டிய பணம் அது.

சேமிப்பது யூடிசியிலேயே இருக்கட்டும். அறிக்கை எடுக்கும்போது மாற்றுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் "அட் டைம் ஜோன்" போட்டு "ஏசியா/கொல்கத்தா" கொடுப்பது வழி. ஆனால் அட்டவணையின் பத்தி (காலம்), நேர மண்டலம் இல்லாத "டைம்ஸ்டாம்ப்" வகையாக இருந்தால் அதை இரண்டு தடவை போட வேண்டும்: முதலில் யூடிசி, அதன் மேல் கொல்கத்தா. ஒரு தடவை மட்டும் போட்டால் ஐந்தரை மணி நேரம் எதிர்ப்பக்கம் நகரும். மைஎஸ்க்யூஎல்லில் "கன்வர்ட் டிஇசட்" பங்ஷனுக்கு மண்டலப் பெயர் கொடுத்து நல் (வெற்று மதிப்பு) திரும்பினால், மண்டல அட்டவணைகள் ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். "+00:00", "+05:30" என்று எண்ணாகக் கொடுத்தால் வேலை செய்யும்.

கிரானையும் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் அட்டவணை) பாருங்கள். இரவு 11.45-க்கு நாள் கணக்கை முடிக்க என்று 23:45 போட்டால், அது ஓடுவது நம் காலை 5.15-க்கு, பால் ஊற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில். யூடிசி சர்வரில் 18:15 என்று இருக்க வேண்டும்.

பர்கூர் லினக்ஸ்:
டிஸ்க் நிறைஞ்சு போறதுதான் எங்க பக்கம் அதிகம். லாகின் ஆகும், பில் சேவ் ஆகாது, டேட்டாபேஸ் படுத்துடும். "டிஎஃப் -ஹெச்" 100% காட்டினா எல்லாருக்கும் புரியும். இடம் இருக்குன்னு காட்டியும் "நோ ஸ்பேஸ்"னு வந்தா "டிஎஃப் -ஐ" போடுங்க. ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும். பிஹெச்பி செஷன் ஃபைல், க்யூவுல தேங்கின மெயில் மாதிரி லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள்தான் காரணமா இருக்கும்.

பெரிய லாகை அழிச்சும் இடம் திரும்பலையா? அந்த ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வச்சிருக்கு. "எல்எஸ்ஓஎஃப் +எல்1" போட்டா எதுன்னு தெரியும். அதை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணா போதும். ஓடிட்டு இருக்கற லாகை "ஆர்எம்" பண்ணாம "ட்ரங்கேட் -எஸ் 0" போடற பழக்கம் வந்துட்டா இந்தத் தொல்லையே இல்ல.

டாக்கர் (ஆப்களைக் கன்டெய்னர்ங்கற தனிப் பெட்டிகள்ல ஓட்டற கருவி) இருந்தா இன்னொரு ஓட்டை. அதோட வழக்கமான ஜேசான்-ஃபைல் லாகுக்கு எல்லை கிடையாது, வளர்ந்துகிட்டே போகும். டெமான் ஃபைல்ல "மேக்ஸ்-சைஸ்" 10எம், "மேக்ஸ்-ஃபைல்" 3 போடுங்க. போட்ட பிறகு கன்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணா பத்தாது, அழிச்சுப் புதுசா உருவாக்கணும். பழைய கன்டெய்னருக்கு இந்த அமைப்பு ஒட்டாது. சிஸ்டம் லாகுக்கு "ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்".

போஸ்ட்கிரஸோட "பிஜி வால்" ஃபோல்டரை (டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற இடம்) மட்டும் கையால அழிக்கவே அழிக்காதீங்க. டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே போகலாம். அது ஊதிப்போக அடிக்கடி காரணம் யாரும் படிக்காம விட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் டேட்டாபேஸ் படிக்கறதுக்காகப் பதிவுகளைப் பிடிச்சு வைக்கிறது). அதை நீக்கினா தானா குறையும்.

வால்யூமை (சர்வரோட கிளவுட் டிஸ்க், ஏடபிள்யூஎஸ்ல இபிஎஸ்) பெருசாக்க கன்சோல்ல அளவை மாத்தறது பாதி வேலைதான். "க்ரோபார்ட்" போட்டு பார்ட்டிஷனை நீட்டணும், அப்புறம் இஎக்ஸ்டி4-னா "ரீசைஸ்2எஃப்எஸ்", எக்ஸ்எஃப்எஸ்னா "எக்ஸ்எஃப்எஸ் க்ரோஎஃப்எஸ்". டிஸ்க் முழுசா நிறைஞ்சிருந்தா க்ரோபார்ட்டே தற்காலிக ஃபோல்டர் உருவாக்க முடியாம நின்னுடும். அப்போ "/டிஎம்பி" மேல 10 எம்பிக்கு ஒரு டெம்ப்எஃப்எஸ் (ராம்ல இருக்கற தற்காலிக டிஸ்க்) மவுண்ட் பண்ணிட்டு மறுபடி போடுங்க, ஓடிடும். ஒண்ணு நினைவுல இருக்கட்டும்: இபிஎஸ் வால்யூமைப் பெருசாக்கலாம், திரும்பச் சின்னதாக்க முடியாது. 50 ஜிபி போதும்னா 500 போடாதீங்க.

மாங்கூழ் ஐடி:
பெங்களூரா மாம்பழ வரத்து ஆரம்பிச்சா எங்க ஆலைகள்ல வர்ற பிரச்சனை இது. காலையில நல்லா ஓடற சாஃப்ட்வேர் மதியத்துக்கு மேல ஆமை மாதிரி ஆயிடும். ராத்திரி விட்டுட்டா காலைல மறுபடி சரியா இருக்கும். சர்வர் டி2.மைக்ரோன்னா (சின்ன வகை சர்வர்) காரணம் சிபியு கிரெடிட், அதாவது வேகமா ஓடறதுக்கான சேமிப்பு. அதுக்கு மணிக்கு 6 கிரெடிட்தான் சேரும், அதிகபட்சம் 144 வச்சுக்கலாம். முழு வேகத்துல ஓடினா மணிக்கு 60 செலவு. 144-ம் நிரம்பி இருந்தாலும் ஏறக்குறைய 2 மணி 40 நிமிஷத்துல காலி. அப்புறம் 10 சதவீத வேகம்தான். கிராஃப்ல சிபியு 10-ல நேர்கோடா நிக்கும். "டாப்"ல "எஸ்டி" எண் (நமக்குக் கிடைக்காம போன சிபியு நேரம்) ஏறியிருக்கும். கிளவுட்வாட்ச்ல கிரெடிட் பேலன்ஸ் பூஜ்யம்.

ராம் பத்தலைன்னு நினைச்சுக் காசு செலவழிக்காதீங்க. டி3-க்கு மாறினா வழக்கமா "அன்லிமிடெட்" மோடுல வரும், வேகம் குறையாது, ஆனா மிகுதிக்குத் தனியா பில் வரும். சீசன் முழுக்க லோடு இருக்கும்னா அந்த மாசங்களுக்கு மட்டும் எம் வரிசைக்கு (கிரெடிட் கணக்கு இல்லாத சர்வர்) மாத்தி, முடிஞ்சதும் திரும்பிடுங்க. என் கணிப்புல அதுதான் மலிவு. மாத்த ஸ்டாப் பண்ணணும், அதனால ஐபி பத்தி மேல சொன்னதை மறந்துடாதீங்க.

பாலக்கோடு டெவ்:
சுருக்கமா சில. லோடு பேலன்சர்ல (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரிச்சு அனுப்பறது) 503 வந்தா பின்னாடி டார்கெட்டே, அதாவது சர்வரே, இல்ல. 504-னா ஆப் நேரத்துக்குப் பதில் சொல்லல, குவெரியைப் பாருங்க. அப்பப்போ மட்டும் எட்டிப் பார்க்கற 502-தான் குழப்பும். ஏஎல்பி (ஏடபிள்யூஎஸ்ஸோட லோடு பேலன்சர்) சும்மா இருக்கற இணைப்பை 60 வினாடி பிடிச்சு வைக்கும், நோடு ஜேஎஸ் 5 வினாடியில மூடிடும். மூடற அதே நொடியில கோரிக்கை போனா 502. கீப் அலைவ் நேரத்தை 65 வினாடி, ஹெட்டர்ஸ் டைம்அவுட்டை 66 ஆக்குங்க.

கன்டெய்னர் 137-னு செத்தா பெரும்பாலும் மெமரி எல்லை. குபெர்னெட்டிஸ்ல (கன்டெய்னர்களை நிர்வகிக்கற கருவி) "லாக்ஸ் --ப்ரீவியஸ்" போட்டாத்தான் செத்ததோட லாக் கிடைக்கும். "எக்ஸெக் ஃபார்மட் எரர்"னா புது மேக்புக்ல பில்ட் பண்ண ஆர்ம் இமேஜை இன்டெல் சர்வர்ல ஏத்தியிருக்கீங்க. "--பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64" சேர்த்து மறுபடி பில்ட்.

லெட்ஸ் என்க்ரிப்ட் தர்ற இலவச ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் 90 நாள். காலாவதி எச்சரிக்கை மெயிலை அவங்க 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க, அதனால கண்காணிப்பு உங்க பொறுப்பு. சான்றிதழ் புதுப்பிச்சும் பிரவுசர் பழசையே காட்டினா என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) ரீலோடு ஆகல. "டெப்லாய் ஹூக்"ல ரீலோடைப் போட்டு வைங்க.

சிப்காட் விபிஎன்:
ஓசூர் யூனிட்களில் இருந்து கிளவுடுக்கு ஐபிசெக் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போடுபவர்கள் கவனிக்க: பிங் போகும், லாகின் பக்கம் வரும், பெரிய ரிப்போர்ட் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். இது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். பிபிபிஓஇ (யூசர் பெயர் கொடுத்து டயல் செய்யும்) ஃபைபர் லைனில் 1492-தான் கிடைக்கும். விண்டோஸில் "பிங் -எஃப் -எல் 1464" போய் 1465 போகாவிட்டால் உறுதி. டனலுக்குள் இன்னும் குறையும். ரவுட்டரில் எம்டியூ 1400, டிசிபி எம்எஸ்எஸ் 1360 வைத்தால் தீரும். செக்யூரிட்டி குரூப்பில் ஐசிஎம்பி டைப் 3 கோடு 4-ஐ (பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று சொல்லும் செய்தி) திறந்து விடுங்கள். ஏடபிள்யூஎஸ் ஒரு விபிஎன் இணைப்புக்கு இரண்டு டனல் தருகிறது. பராமரிப்புக்காக ஒன்று அவ்வப்போது இறங்கும். அதனால் இரண்டையும் கட்டுங்கள்.

மாங்கூழ் ஐடி:
சீசன் முடிஞ்சதும் ஆர்டிஎஸ்ஸை (ஏடபிள்யூஎஸ்ஸோட டேட்டாபேஸ் சேவை) ஸ்டாப் பண்ணிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. 7 நாள்ல அது தானா எழுந்து பில் ஓட ஆரம்பிச்சுடும். அடுத்த வரத்து வரைக்கும் வேண்டாம்னா மேனுவல் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிச் சோதிச்சுட்டு, டேட்டாபேஸை நீக்கிடுங்க. ஆட்டோமேட்டிக் பேக்கப்பை நம்பாதீங்க, தனியா வச்சுக்கச் சொல்லலைன்னா அது டேட்டாபேஸோட சேர்ந்து போயிடும். திரும்ப எழுப்பும்போது அதே பேரே கொடுத்தா ஆப்ல முகவரி மாத்த வேண்டியதில்ல. செக்யூரிட்டி குரூப் மட்டும் டிஃபால்ட்டுக்குப் போயிருக்கான்னு பாருங்க. போயிருந்தா ஆப்ல "டைம்ட் அவுட்"தான் வரும்.