மே டே விடுமுறையும் 'மேடே' அபயக் குரலும் ஒரே சொல்லா?

திருச்சி அம்மா:
ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் டிவியில் விமான விபத்து பற்றி ஒரு நிகழ்ச்சி பார்த்தான். விமானி "மேடே, மேடே, மேடே" என்று கத்துகிறார். "மே ஒண்ணாம் தேதி லீவுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் எழுப்பிய குரலிலிருந்து வந்தது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா?

சேகர்_77:
மே மாதத்தில் ஏதோ ஒரு கப்பல் மூழ்கியதாம், அந்த நாளின் நினைவாக வைத்த பெயர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

தூத்துக்குடி ரேடியோ ஆபீசர் (ஓய்வு):
சகோதரி, இரண்டு கதையும் சரியில்லை. பத்தொன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அறையில் உட்கார்ந்தவன் நான். இந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்லக் கேட்டால் மனசு பொறுக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1920களின் தொடக்கத்தில் லண்டனுக்குத் தெற்கே குராய்டன் விமான நிலையத்தில் ஃபிரடெரிக் மாக்ஃபோர்டு என்று ஒரு மூத்த ரேடியோ அதிகாரி இருந்தார். அங்கிருந்து கிளம்பும் விமானங்களில் பெரும்பகுதி போனது பாரிஸ் பக்கமுள்ள லெ பூர்ஜேவுக்கு. ஆபத்து என்றால் இந்தக் கரையில் ஆங்கிலேயனுக்கும் புரியவேண்டும், அந்தக் கரையில் பிரெஞ்சுக்காரனுக்கும் புரியவேண்டும். 'எனக்கு உதவ' என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வது 'மேதே'. ஆங்கிலக் காதுக்கு அது 'மேடே' என்று விழும். மாக்ஃபோர்டு அதையே எடுத்துக் கொடுத்தார்.

எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்து அழைப்பு இருக்கும்போது இது எதற்கு என்று மகன் கேட்பான். எஸ்.ஓ.எஸ். தந்திக்கு உரியது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று மோர்ஸில் தட்டினால் அடையாளம் தப்பாது. வாயால் சொல்லும்போதுதான் சிக்கல்: இரைச்சலில் 'எஸ்' எது 'எஃப்' எது என்று பிரியாது. 'எஸ்' சரியாகக் கேட்பதில்லை, அதனால் இனி 'மேடே' என்று 1923 பிப்ரவரியிலேயே லண்டன் டைம்ஸில் செய்தி வந்தது. 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச ரேடியோ மாநாடு அதை உலகம் முழுமைக்கும் ஆக்கியது.

அந்தக் காலத்தில் எங்கள் ரேடியோ அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகத்தில் சிவப்பில் இரண்டு பட்டை, பச்சையில் இரண்டு பட்டை. சிவப்பு மோர்ஸுக்கு, பச்சை பேச்சுக்கு. மணி முழுசாகும்போதும் அரையாகும்போதும் முள் பச்சைக்குள் வரும். அதிலிருந்து மூன்று நிமிடம், பேச்சில் ஆபத்து அழைப்புக்கென்று இருந்த 2182 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. எங்காவது சின்னப் படகிலிருந்து சன்னமாக ஒரு குரல் வருகிறதா என்று எல்லாக் கப்பலும் காதை மட்டும் தீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ஒரு ராத்திரி அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு மீனவர் குரல் வந்தது. அவர் மொழியில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. 'மேடே' மட்டும் புரிந்தது. அது போதுமாக இருந்தது. 'மேடே ரிலே' என்று சொல்லிக் கரை நிலையத்துக்குக் கைமாற்றினேன். அதுவரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

சரி, விடுமுறைக்கு வருவோம். அது மே மாதத்தின் பெயர்தான், வேறொன்றும் இல்லை. ஐரோப்பாவில் குளிர் ஓய்ந்து பூக்கிற காலம். இங்கிலாந்துக் கிராமங்களில் கம்பம் நட்டுச் சுற்றி ஆடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மாடலன் கல்லூரிக் கோபுரத்தின் மேல் ஏறி, மே 1 காலை 6 மணிக்குப் பாடகர் குழு பாடும். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1இல் அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1889இல் பாரிஸில் கூடிய சோசலிஸ்டுகளின் மாநாடு அந்தத் தேதியை உலகத் தொழிலாளருக்கு எடுத்துக்கொண்டது. நம் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் அதே 1923தான். இரண்டு சொல்லும் ஒரே வருடத்துச் செய்தியில் வந்தது தற்செயல், உறவு எதுவும் இல்லை.

புதுச்சேரி பிரெஞ்சு வாத்தியார்:
ஐயா சொன்னதில் ஒரு சின்ன இலக்கணம் சேர்க்கிறேன். 'எனக்கு உதவுங்கள்' என்று நேராகக் கட்டளையாகச் சொல்ல எங்கள் வகுப்பில் 'எதே முவா' என்றுதான் கற்றுக்கொடுப்போம். 'மேதே' தனியாக நிற்காது. 'வெனே மேதே', அதாவது 'எனக்கு உதவ வாருங்கள்' என்பதன் வால் அது. ரேடியோ விதிகளிலும் இந்தப் பிரெஞ்சு உச்சரிப்பையே குறித்திருக்கிறார்கள். 'பான் பான்' என்று இன்னொரு அழைப்பு உண்டு: அவசரம், ஆனால் உயிருக்கு உடனே ஆபத்து இல்லை. அதுவும் பிரெஞ்சுதான், வண்டி பழுதாகி நின்றால் 'பான்' என்போம்.

திருச்சி அம்மா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்படியே படித்துக் காட்டினேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறதே, கேட்பவர் லீவைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்கிறான்.

தூத்துக்குடி ரேடியோ ஆபீசர் (ஓய்வு):
நல்ல கேள்வி கேட்டான் பிள்ளை. அதற்குத்தான் மூன்று முறை. 'மேடே' என்ற பேச்சு வேறு எதற்காவது இடையில் வரலாம், இரைச்சலில் ஒன்று விழுங்கிப் போகலாம். அடுத்தடுத்து மூன்று தடவை வந்தால் அது அழைப்பு. அப்புறம் கப்பல் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இந்த வரிசையைத் தம்பியை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயருக்கு அடுத்து இடம்தான் வரவேண்டும். பேச்சு நடுவில் அறுந்தாலும் தேடி வருகிறவனுக்கு அது கையில் இருக்கும்.