குழந்தையின் இடுப்பு விலகல்: 2 ஆண்டுக் கெடு எந்த நாளிலிருந்து?

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 20 மாதம். வயிற்றில் தலை திரும்பவில்லை, சிசேரியன். அப்படிப் பிறந்த குழந்தைக்கு 6 வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. 14-ஆம் வாரத் தடுப்பூசியின்போது இடது தொடையில் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்ததை நானே காட்டினேன். "குண்டுக் குழந்தைம்மா, சரியாகிவிடும்" என்றார் டாக்டர்.

நடக்கத் தொடங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். போன மாத எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தைவிட்டே விலகியிருந்தது. அப்போதே கண்டிருந்தால் பெரும்பாலும் கால்களை விரித்துப் பிடிக்கும் பெல்ட்டே போதும். இப்போது அறுவை சிகிச்சை, அப்புறம் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. 3 வாரமாகியும் டிஸ்சார்ஜ் தாள் மட்டும்தான் வந்தது. பார்த்த 2 வக்கீல்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட உள்ள 2 ஆண்டுக் கெடு, டாக்டர் கவனிக்காமல் விட்ட நாளிலிருந்தா, எக்ஸ்ரேயில் தெரிந்த நாளிலிருந்தா?